சிகரெட் சுட்ட இடத்தில் அப்பா வாசித்தது

என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ரங்கூனில், தாகேதாவில் எங்கள் தெருமுனை டீக்கடையில் தினமும் காலையில் உட்கார்ந்து பர்மியப் பத்திரிகையை விரிப்பார். பக்கத்து மேசைக்காரர் ஒரு தாளைத் திருப்பினால், சற்று நேரம் விட்டு இவரும் ஒரு தாளைத் திருப்புவார். படம் வந்தால் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். யாராவது செய்தி பேசினால், "ஆமா, போட்டிருக்கான்" என்பார்.

ஒன்பது வயதில் நான் அதைக் கண்டுபிடித்தேன். மறுநாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வராது என்று முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தை அப்பா வெகுநேரம் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் இரண்டு வாளிகளோடு குழாயடியில் போய் நின்றார். நான் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எங்கள் வம்சத்தில், அப்பா வழியிலும் அம்மா வழியிலும், பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன ஒரே ஆளும் நான்தான். இன்றைக்கு ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கென்று மேசை இருக்கிறது. அலோன் துறையில் என் பாட்டன் முதுகில் மூட்டை சுமந்தார். அதே துறையில் எந்தக் கப்பல் எப்போது வந்து நிற்கும் என்று இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் வேலை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்வதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தமிழ் எழுத்தை மட்டும் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றேன். மீதியை நானே தேடிப் படித்தேன். அப்பாவைப் பற்றித் தமிழில் எழுதவேண்டும் என்று நினைத்தேன். எந்த மொழியில் எழுதினாலும் அவர் படிக்கப்போவதில்லை.

அப்பா ஐம்பதைத் தாண்டிய பிறகு பிறந்தவள் நான். அதனால் அவர் சாக்ஸபோன் வாசித்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு நினைவு தெரிந்தபோது அது கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடந்தது, பச்சை பூத்து. வாய் வைத்து ஊதும் துண்டு மட்டும் தனியாக ஒரு டீத்தூள் டப்பாவில் இருந்தது. வெற்றிலை போட்டுப் போட்டு முன்பல் எல்லாம் போய்விட்டது. பல் இல்லாமல் சாக்ஸபோன் வாசிக்க முடியாது. அதற்காக அவர் வெற்றிலையை விடவும் இல்லை.

அவர் பிறந்தது அலோன் கூலி லைனில். பதினாலு வயதில் மூட்டை தூக்கப் போனார். கப்பலில் இருந்து இறங்கும் மாலுமிகள் சிகரெட், சோப்போடு இசைத்தட்டுகளையும் கொண்டுவந்து விற்பார்களாம். அமெரிக்காவில் கறுப்பர்கள் பாடி வாசித்த பாட்டுகள். அதற்கு ரிதம் அண்ட் புளூஸ் என்று பெயர் என்பதை நான் பெரியவளான பின் படித்துத் தெரிந்துகொண்டேன். கூலி லைனில் அதைக் 'கப்பல் பாட்டு' என்றார்கள். குமாஸ்தா ஒருவர் வீட்டில் கிராமபோன் இருந்தது. அந்த வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டே அப்பா முதல் பத்துப் பாட்டைப் பாடம் செய்தார்.

ஊரைவிட்டுக் கிளம்பிய ஓர் ஆங்கிலோ பர்மியக் குடும்பத்துக்குச் சாமான் ஏற்றிக் கொடுத்ததற்குக் கூலியாக அந்த சாக்ஸபோன் கிடைத்தது. துளைகளை மூடும் சாவிகளுக்கு அடியில் இருக்கும் தோல் எல்லாம் கிழிந்திருந்தது. பழைய செருப்பை அறுத்து, அந்தத் தோலை வட்டம் வட்டமாக வெட்டி ஒட்டினார். ஆற்றங்கரையில் நின்று ஊதுவார். படகுக்காரர்கள், "ஏ கலா, மாடு செத்துப்போச்சா?" என்று கத்துவார்களாம். இந்தியர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், வசவுக்கும் அதுதான், சாதாரணமாகவும் அதுதான். பதினெட்டு வயதில் ஒரு பேண்டில் சேர்த்துக்கொண்டார்கள். ரங்கூனில் கப்பல் பாட்டை மேடையில் வாசித்த முதல் நாலைந்து பேண்டுகளில் அது ஒன்று. ஹோட்டல்களிலும் நடன மண்டபங்களிலும் வாசித்தார்கள். ராணுவம் வந்து மண்டபங்களை மூடிய பிறகு கல்யாணத்தில் வாசித்தார்கள். பிறகு ஸ்டூடியோவில்.

அந்த வேலை எப்படி நடந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். கப்பல் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து, அதில் பர்மிய வார்த்தைகளைப் போட்டுப் பாடுவார்கள். காப்பிப் பாட்டு என்று அதற்குப் பெயர். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. காப்பி சரியாக இல்லாமல் போவதில்தான் வெட்கம். பேண்ட் மாஸ்டர் இசைத்தட்டை மூன்று தடவை போடுவார். நாலாவது தடவை எல்லாரும் வாசிக்கவேண்டும். கையில் டிரம் குச்சியோடு நிற்பார். பிசகினவன் விரல் முட்டியில் ஒரு போடு விழும். அமெரிக்காக்காரன் ஓர் இடத்தில் மூச்சு வாங்கினால் அப்பாவும் அதே இடத்தில் மூச்சு வாங்கவேண்டும். அவன் ஒரு சுரத்தில் கொஞ்சம் வழுக்கினால் இவரும் வழுக்கவேண்டும். அப்பாவின் விரல் முட்டியில் ஒரு நாளும் அடி விழுந்ததில்லை. அதை எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார்.

ஒரு தடவை மட்டும் பிசகினார். அதை அவர் எனக்குச் சொன்னதில்லை. அம்மா சொன்னாள், தினமும்.

அப்போது பெயர் பெற்ற ஒரு பாடகிக்கு ஒரு பாட்டு பதிவு செய்ய ஏற்பாடாகியிருந்தது. அதன் அசல் இசைத்தட்டு ரங்கூனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஒரு மாலுமியிடம் வாங்கியது. அவன் அதன்மேல் சிகரெட்டை வைத்துச் சுட்டிருந்தான். விரல்நுனி அளவுக்கு ஒரு கொப்புளம். அது சரியாக நடுவில் சாக்ஸபோன் தனியாக வரும் இடம். ஊசி அங்கே வந்ததும் துள்ளி அந்தப் பக்கம் போய் விழும். அங்கே அமெரிக்காக்காரன் என்ன வாசித்தான் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த கப்பலில் வேறு தட்டு வரும் என்றார்கள். வரவில்லை. பதிவு நாளன்று மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு, "அந்த எடத்துல நீ சும்மா இரு. டிரம்காரன் அடிச்சு ஒப்பேத்திக்குவான்" என்றார்.

அப்பா சும்மா இருக்கவில்லை. அந்த இடம் வந்தது, டிரம் அடித்தது, இரண்டு அடி போனது. அப்புறம் இவர் வாசித்துவிட்டார். எந்தத் தட்டிலும் இல்லாத ஒன்றை. "கை போயிருச்சுடி, நான் என்ன பண்றது?" என்று அம்மாவிடம் கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னதற்காகப் பிறகு ஆயுள் முழுக்க வருத்தப்பட்டிருப்பார்.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அப்பாவின் கன்னத்தில் அடித்தார். பாடகி பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருடா உன்ன சொந்தமா வாசிக்கச் சொன்னது?" டேப் கிடைக்காத காலம். பாடகிக்கு வேறு வேலை இருந்தது. திரும்ப எடுக்க முடியவில்லை. பாட்டு அப்படியே வானொலியில் வந்தது. மற்ற பேண்டுக்காரர்கள் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். தட்டுச் சுட்ட கதை அவர்களுக்கும் தெரியும். கூலி லைன் தமிழர்கள் அப்பாவுக்குச் 'சொந்தச் சரக்கு' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வாரம் பேண்டில் இருந்து அனுப்பிவிட்டார்கள். வேறு பேண்டும் எடுக்கவில்லை. தட்டில் உள்ளதை வாசிக்காதவனை வைத்து என்ன செய்வது? அப்பா திரும்ப மூட்டை தூக்கப் போனார். சீனர் வீட்டுச் சாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டால் போவார். பல் விழுந்த பிறகு அதுவும் இல்லை.

அம்மா சந்தையில் கீரை விற்கிறவள். வாயும் சந்தை வாய்தான். அப்பா ஒழுகுகிற கூரைக்குத் தகரம் வைத்து, அது மறுபடி ஒழுகினால், "இதுவும் சொந்தச் சரக்கா?" என்பாள். குழம்பில் அவர் உப்புப் போட்டால், "ஏய்யா, பாத்துப் போட்டியா, இல்ல கை போயிருச்சா?" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள். அப்பா ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார்.

ஆனால் சவரம் செய்யும்போது, சின்னக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டி, முகமெல்லாம் சோப்பு நுரையோடு, அதை விசிலடிப்பார். எப்போதும் ஒரே ஒரு துண்டு. மெதுவாக, நேரம் தவறி வந்தவன் மாதிரி ஆரம்பிக்கும். பிறகு மேலே ஏறி, இறங்காமல் அங்கேயே நின்றுவிடும். அது என்ன பாட்டு என்று கேட்டேன். "எதுவும் இல்ல" என்றார். கடைசிப் பல் விழும் வரைக்கும் விசிலடித்தார். எனக்கு அது மனப்பாடம்.

பத்தாவது பரீட்சை எழுதி முடித்த வருடம், மழைக்காலத்தில், ரிசல்ட் வந்தது. பள்ளிக்கூடப் பலகையில் தேறியவர்கள் பெயரை ஒட்டுவார்கள். எனக்கு டெங்கு. எழுந்து நிற்க முடியவில்லை. அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அப்பாவை அனுப்பினேன். என் பெயரைப் பர்மிய எழுத்தில் பெரிதாக ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன். "இந்த மாதிரி இருக்கான்னு மட்டும் பாருங்கப்பா. யார்கிட்டயாச்சும் காட்டுங்க, படிச்சுச் சொல்வாங்க." தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் திரும்பி வந்தார். குடையை மடக்கி மூலையில் வைத்தார்.

"உன் பேரு இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன். இல்ல."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் அம்மா வந்ததும் அவரே சொன்னார். அம்மா என்னை அடிக்கவில்லை, காய்ச்சல்காரி என்பதால். என் பள்ளிக்கூடச் சீருடைப் பச்சை லுங்கியை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாள். மறுநாள் என் நோட்டுப் புத்தகங்களைக் கட்டிக் கடலைக்காரனுக்கு எடைக்குப் போட்டாள். தையல் ஃபேக்டரியில் ஆள் சேர்க்கிற அம்மாளிடம் என்னைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாள். "காய்ச்சல் விட்டதும் அனுப்புறேன். படிப்புதான் ஏறல, கையாச்சும் ஏறுதான்னு பாப்போம்." அடுத்த வீட்டு பர்மியக்காரி வாசலில் நின்று, "கலா பொண்ணுக்கு மெட்ரிக் எதுக்கு? தையல் மெஷினுக்கு மெட்ரிக்கா கேக்குது?" என்றாள். அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நான் பார்த்தேன், அவர் சிரித்தார்.

இரண்டு நாள். மூன்றாம் நாள் மழையில் நனைந்துகொண்டு என் இங்கிலீஷ் டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஏன் வரவில்லை, மாலை போட ஆள் இல்லாமல் நின்றோமே என்று கேட்டார். என் பெயர் பலகையில் மேலேயே இருந்ததாம். இங்கிலீஷில் சிறப்புத் தேர்ச்சி, சிவப்பு மையில் கோடு போட்டு.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "நல்லாப் பாத்தேன்னு சொன்னியே?"

"கூட்டமா இருந்துச்சு" என்றார் அப்பா.

அவர் பலகைக்குப் பக்கத்திலேயே போகவில்லை. பள்ளிக்கு எதிர் டீக்கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். மூன்று டீ குடித்தாராம், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே. பிள்ளைகள் இவரைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். ஒரு பையனை நிறுத்தி, இதைப் படித்துச் சொல்லு என்று கேட்க அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த வெட்கத்துக்காக என்னை இரண்டு நாள் தோற்றவளாகப் போட்டு வைத்தார். நான் எழுதிக் கொடுத்த தாள் அவர் சட்டைப் பையிலேயே மடிப்புக் கலையாமல் இருந்தது. துவைக்கும்போது நான்தான் எடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கடலை வாங்கினேன். பொட்டலத்தில் என் கையெழுத்து. இங்கிலீஷ் இலக்கணம்.

அவர் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. கல்லூரி முடித்தேன், வேலைக்குப் போனேன். அந்தத் தையல் ஃபேக்டரி பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு நாளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்வேன்.

கொரோனா வருவதற்கு முந்தைய வருடம் ஒரு வெள்ளைக்காரர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பழைய ஒலிநாடாக்களைத் தேடிச் சேர்த்து, துடைத்துச் சரிசெய்து, வெளிநாட்டில் இசைத்தட்டாகப் போடுகிறவர். அந்தப் பழைய பேண்டில் டிரம் வாசித்த பெரியவர் உயிரோடு இருந்தார். தாகேதாவில் ஒரு தமிழர் இருக்கிறார், அவராக இருக்கலாம், சரியாக நினைவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வெள்ளைக்காரருக்கு பர்மிய மொழி தெரியாது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான்.

அப்பா அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்கு மட்டும் வைக்கும் பல் செட்டையும் வைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார், தெரு பார்க்கவேண்டும் என்று. தெரு பார்த்தது. அம்மா காப்பி கலந்து வைத்துவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"இந்தா, நான் சொல்றத மட்டும் சொல்லு" என்றார் அப்பா என்னிடம். "உன் படிப்பையெல்லாம் இதுல கலக்காத. உள்ளது உள்ளபடி."

"சரிப்பா" என்றேன்.

ஒரு மணி நேரம் பேசினார். கப்பல், குமாஸ்தா வீட்டுச் சுவர், செருப்புத் தோல் எல்லாம் சொன்னார். வெள்ளைக்காரர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். நான் உள்ளது உள்ளபடி சொன்னேன். பிறகு அவர், நீங்களாக எதாவது இசை அமைத்ததுண்டா என்று கேட்டார். கேட்டுச் சொன்னேன்.

"சேச்சே" என்றார் அப்பா. முகம் சுண்டிவிட்டது. "என்ன ஆளு இவன்? நாங்க அந்த மாதிரி பேண்டு இல்லன்னு சொல்லு. ரெக்கார்டுல என்ன இருக்கோ அதுதான். ஒரு மயிரிழை மாறாது. மூச்சுகூட அவன் விடற எடத்துலதான் விடுவேன்."

அதையும் சொன்னேன். வெள்ளைக்காரரின் பேனா சற்று நின்றது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்து ஒரு பாட்டைப் போட்டார்.

நான் அதற்கு முன் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. பாடகியின் குரல், கிடார், பின்னால் டிரம். நடுவில் பாட்டு நின்றது. இரண்டு அடி. பிறகு சாக்ஸபோன் வந்தது, நேரம் தவறி வந்தவன் மாதிரி. மேலே ஏறியது. இறங்காமல் அங்கேயே நின்றது. சவரக் கண்ணாடியும் சோப்பு வாசனையும் என் மூக்கில் ஏறின. விசிலில் அது ஒரு கிழவனின் முணுமுணுப்பு மாதிரி இருக்கும். இதில் அப்படி இல்லை. என் உடம்பு சில்லிட்டது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளைக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். லுங்கி மடிப்பின்மேல் அப்பாவின் விரல்கள் ஒவ்வொன்றாக அழுந்தி எழுந்தன, சாக்ஸபோனோடு சேர்ந்து, ஒன்றுகூடப் பிசகாமல்.

பாட்டு முடிந்தது. வெள்ளைக்காரர் கண்ணைத் திறந்து என்னிடம் பேசினார். நீளமாகப் பேசினார். அமெரிக்காவில் வெளியான அசல் தட்டு தன்னிடம் இருக்கிறது என்றார். அதில் இந்த இடத்தில் வேறு வாசிப்பு இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சாதாரணமானது. இந்த மனிதர் வாசித்தது அதில் இல்லை, எதிலுமே இல்லை. இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான பாட்டுக் கேட்டிருக்கிறேன், இந்த அரை நிமிடத்துக்காகத்தான் விமானம் ஏறி வந்தேன் என்றார். இந்தத் தொகுப்பே இதற்காகத்தான். தட்டின் மேலேயே அவர் பெயரைப் போட ஆசைப்படுகிறேன். இது அவர்தானா என்று கேளுங்கள்.

அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நீங்களான்னு கேக்குறாரு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. மீதியை விட்டுவிட்டேன்.

அப்பா கதவுப்பக்கம் அம்மாவைப் பார்த்தார். இத்தனை வருடம் அவர் கரண்டியை எடுத்தாலும் 'சொந்தச் சரக்கு' என்று கூவிய அம்மா, வெளியாள் முன்னால் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"இல்ல" என்றார் அப்பா.

பிறகு பல் செட்டை நாக்கால் அழுத்திக்கொண்டு சொன்னார். "இது யாரோ தப்பா வாசிச்சது. ரெக்கார்டுல இப்படி இல்ல. நான் இப்படி வாசிக்க மாட்டேன்னு சொல்லு."

அந்த 'இல்ல' எனக்குத் தெரியும். மூலையில் மடக்கி வைத்த குடையோடு அதைக் கேட்டிருக்கிறேன்.

அவர் இல்லையாம், அவர் இப்படி வாசிக்க மாட்டாராம் என்று இங்கிலீஷில் சொன்னேன். வெள்ளைக்காரர் தயவுசெய்து இன்னொரு தடவை கேளுங்கள் என்றார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

"நல்லாக் கேட்டீங்களா? நீங்க இல்லையா?" என்றேன்.

"இல்லன்னா இல்லதான். எத்தன தடவ கேப்பான்?"

இங்கேதான் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் வெட்கப்படுகிறார் என்று வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷில் சொன்னால் போதும். அல்லது அப்பாவிடம் தமிழில், அப்பா, அது நல்லா இருக்குன்னு சொல்றாரு என்றால் போதும். ஐந்தாறு வார்த்தை. எனக்கு இரண்டு மொழியிலும் தெரியும். அதற்காகத்தானே படித்தேன்? ஆனால் என் பச்சை லுங்கியோடு பக்கத்து வீட்டுப் பெண் தெருவில் நடந்தது என் கண்ணில் நின்றது. அப்பா சிரித்தது நின்றது. உள்ளது உள்ளபடி சொல்லு என்று அவர்தான் சொன்னார். நிச்சயமாக அவர் இல்லையாம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளைக்காரர் மரியாதையாகக் காப்பியைக் குடித்து முடித்தார். கும்பிட்டுவிட்டுப் போனார். தெரு கலைந்தது. அப்பா பல் செட்டைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார்.

"பாட்டு முடிஞ்சதும் நீளமா என்னமோ சொன்னானே, என்ன சொன்னான்?"

"நீங்களான்னு கேட்டாரு."

"அதுக்கா அவ்வளவு நேரம்?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் கேப்பாங்க."

என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். போய்ப் படுத்துக்கொண்டார்.

பிறகு கொரோனா வந்தது. அதற்குப் பின் நாட்டில் என்னென்னவோ வந்தது. வெளிநாட்டுத் தபாலை எல்லாம் நாங்கள் மறந்துபோனோம். போன மழைக்காலத்தில் அலோன் துறைக்கு வந்த ஒரு கப்பலில் இருந்து இறங்கிய அதிகாரி, எங்கள் ஏஜென்சிக்கு வந்து என் பெயருக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். நான் அந்த வெள்ளைக்காரரிடம் கொடுத்திருந்த ஆபீஸ் விலாசம். தபாலை நம்பாமல் கப்பலில் அனுப்பியிருக்கிறார். அட்டையில் அந்தப் பாடகியின் படம், கொண்டையில் பூ வைத்து. உள்ளே ஒரு தட்டும் மெல்லிய புத்தகமும்.

மேசையிலேயே படித்தேன். பாடகியின் பெயர், கிடார் வாசித்தவர் பெயர், டிரம் பெயர், மாஸ்டரின் பெயர்கூட இருந்தது. டெனர் சாக்ஸபோன் என்று போட்டு, எதிரில், பெயர் தெரியவில்லை என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் அரைப்பக்கம் அந்தப் பெயர் தெரியாதவரைப் பற்றி. தேடிக்கொண்டு ரங்கூன் வரை போனேன், ஒரு முதியவரைச் சந்தித்தேன், அவர் இல்லை என்றார். இதை வாசித்தவர் யாராக இருந்தாலும், அந்தக் காலத்தில் அந்த ஊரில் தன் சொந்தக் குரலில் பேசிய ஒரே ஆள் இவர்தான் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், அவரையோ அவர் குடும்பத்தாரையோ அறிந்தவர்கள் எழுதவேண்டும் என்று விலாசம் கொடுத்திருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். தட்டைப் போட்டுக் கேட்க எங்களிடம் கருவி கிடையாது. அப்பா இப்போதெல்லாம் டீக்கடைக்குப் போவதில்லை. முழங்கால் போய்விட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அட்டையைக் கையில் கொடுத்தேன். பாடகியின் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இவதான். அன்னிக்கு இவ முன்னாலதான்..." என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார். புத்தகத்தைத் தடவிப் பார்த்து என்னிடம் நீட்டினார். "என்ன போட்டிருக்கான், படி."

"பாடினவங்க பேரு."

"அப்புறம்?"

"கிடார், டிரம். மாஸ்டர் பேரு."

"அப்புறம்?"

நான் பக்கத்தைத் திருப்பினேன். அவர் தொண்டையைச் செருமினார். தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ கடைச் சாமான் கேட்பது போலக் கேட்டார்.

"என் பேரு இருக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

அவர் அந்த வார்த்தையை நினைவோடு சொன்னாரா, எனக்குத் தெரியாது. நான் நினைவோடுதான் பதில் சொன்னேன்.

"நல்லாப் பாத்தேன். இல்ல."

தலையாட்டினார். நகத்தால் அட்டையின் ஓரத்தைச் சுரண்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். அம்மா சந்தையில் இருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் தாழ்த்தினார்.

"நடுவுல தப்பா வாசிச்சிருக்கே, அந்த எடத்தப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கானா? திட்டி, கிட்டி?"

அந்த அரைப்பக்கம் என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.

"ஒண்ணும் எழுதல" என்றேன்.

"ஒண்ணுமே?"

"ஒரு வரி இல்லப்பா."

மூச்சை விட்டார். பல் இல்லாத வாய் மெல்ல விரிந்தது. "நல்ல வேள" என்றார். "இத்தன வருசம் பயந்துகிட்டே இருந்தேன். பாத்தியா, ஒருத்தனும் கவனிக்கல."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். புத்தகத்தை மூடி ஆபீஸ் பையில் வைத்தேன். சோறு போடட்டுமா என்று கேட்டேன்.

"போடு" என்றார். "இன்னிக்குப் பசிக்குது."